வளர்ச்சியின் செலவு யார் தலையில்? மன்னார் உள்ளூராட்சி மன்றங்களின் வருமானக் கணக்கு

ஒரு காணியில் புதிதாக வீடோ விடுதியோ மின்நிலையமோ எழும்பும்போது, அதைக் கட்டுபவர் கொட்டும் பணத்துக்கு அப்பால் இன்னொரு செலவும் கூடவே பிறக்கிறது. மணல் ஒழுங்கையாகக் கிடந்த பாதை கனரக வாகனம் போகும் வீதியாக வேண்டும். அதுவரை நிலத்தில் இறங்கிய மழைநீர் இனி ஓடிப்போக வடிகால் வேண்டும். தெருவிளக்கும், குப்பை அள்ளும் உழவு இயந்திரமும், அதில் ஏறும் தொழிலாளரும் கூடுதலாக வேண்டும். இந்த இரண்டாவது செலவைக் கட்டிடம் எழுப்புபவர் கொடுப்பதா, ஏற்கெனவே அங்கு குடியிருந்து வரி செலுத்துபவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதா என்ற கேள்வி, உள்ளூராட்சி நிதியின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் தமிழ்நாட்டிலும் இதற்குத் தெளிவாகவோ அரைகுறையாகவோ சட்டத்தில் விடை எழுதப்பட்டிருக்கிறது. இலங்கையின் வடமேற்கே, கடல் மட்டத்திலிருந்து சில மீற்றரே உயர்ந்து கிடக்கும் மன்னார்த் தீவில் அந்த விடை இன்னும் எழுதப்படவில்லை; எழுதப்படாததன் சுமை சிறிய வீட்டுக்காரர்மீதும், மாரியில் வெள்ளம் நிற்கும் முற்றங்கள்மீதும் விழுகிறது.

மன்னார் மாவட்டத்தில் உள்ளூராட்சிப் பணிகளை மன்னார் நகர சபையும், மன்னார், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு ஆகிய நான்கு பிரதேச சபைகளும் செய்கின்றன. நகர சபையின் எல்லை மன்னார் பட்டினத்தோடு நின்றுவிட, எருக்கலம்பிட்டி, தாராபுரம், பேசாலை, தலைமன்னார் என்று நீளும் தீவின் பெரும்பகுதி மன்னார் பிரதேச சபையின் பொறுப்பில் இருக்கிறது. நகர சபை 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படியும், பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படியும் இயங்குகின்றன. எந்த வரியை யாரிடம் எவ்வளவு வாங்கலாம் என்பதை இந்தச் சட்டங்களே வரையறுப்பதால், ஒரு சபையின் தவிசாளர் எவ்வளவு துடிப்பானவராக இருந்தாலும், சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசல்கள் வழியாகத்தான் அவர் பணம் தேட முடியும்.

அந்த வாசல்களில் முதன்மையானது ஆதன வரி. ஊர்வழக்கில் சோலை வரி. ஒரு வீடோ கடையோ காணியோ ஆண்டொன்றுக்கு என்ன வாடகை பெறும் என்று மதிப்பிட்டு, அந்த ஆண்டுப் பெறுமதியில் சபை தீர்மானிக்கும் ஒரு சதவீதத்தை வரியாக அறவிடுவதே இதன் அடிப்படை. ஆண்டுப் பெறுமதி 24,000 ரூபாய் என்று குறிக்கப்பட்ட ஒரு வீட்டுக்கு வரி 5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 1,200 ரூபாய் கட்ட வேண்டும். முழுத் தொகையையும் ஜனவரி 31க்குள் கட்டிவிட்டால் 10 சதவீதக் கழிவு கிடைக்கும் என்பதால் 1,080 ரூபாயோடு முடிந்துவிடும். ஆனால் பிரதேச சபை தன் எல்லைக்குள் உள்ள எல்லாக் காணிகளிலும் இவ்வரியை அறவிட முடியாது. கட்டிடங்கள் நிறைந்து விருத்தியடைந்த பகுதி என்று பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் மட்டுமே அறவிடலாம். கரையோரக் கிராமங்களின் பெரும்பரப்பு இப்பிரகடனத்துக்கு வெளியே கிடந்தால், அங்கு எத்தனை புதிய கட்டிடங்கள் எழுந்தாலும் சோலை வரிக் கணக்கில் ஒரு சதமும் ஏறாது. மறுமதிப்பீடு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போவது இலங்கை முழுவதற்கும் பொதுவான நோய். போரும் இடப்பெயர்வும் பல பத்தாண்டுகள் புரட்டிப்போட்ட மன்னாரில், 1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டபோது வெறிச்சோடிய வீடுகளுக்கும், 2009க்குப் பின் மீண்டும் கூரை கண்ட வீடுகளுக்கும் வாடகைப் பெறுமதி காண்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புதிய கட்டிடத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள கட்டணங்கள் வேறு. ஒருவர் பேசாலையில் கல்வீடு கட்ட நினைத்தால், காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படம், தகுதி பெற்ற வரைஞர் வரைந்த கட்டிட வரைபடம் ஆகியவற்றோடு சபை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, பரப்பளவுக்கு ஏற்ற கட்டணத்தையும் செலுத்த வேண்டும். வீதிக்கோட்டுச் சான்றிதழுக்குத் தனியாக ஒரு பற்றுச்சீட்டு. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து எல்லைக்கும் சுவருக்கும் இடையே விட்ட இடைவெளியை நாடா பிடித்து அளப்பார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மலசலகூடக் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் உள்ள தூரத்தைப் பார்ப்பார். மணற்பாங்கான தீவில், உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கும் நன்னீரையே கிணறுகள் நம்பியிருப்பதால், இந்தத் தூரம் உயிரோடு சம்பந்தப்பட்டது. கோவை திட்டமிடல் குழுவின் முன் போய்த் திரும்பி, அனுமதி கிடைத்து, வீடு கட்டி முடிந்த பின் வரைபடத்தின்படியே கட்டப்பட்டது என்பதற்கான இணக்கச் சான்றிதழுக்கும் கட்டணம் உண்டு. கடற்கரையின் உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றருக்குள் காணி இருந்தால், 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டத்தின்படி வேறொரு திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

இத்தனை கட்டணங்களும் எதற்காக வாங்கப்படுகின்றன என்று கூர்ந்து பார்ப்பவருக்கு ஓர் உண்மை தெரியும். இவை கோவையைப் பரிசீலிப்பதற்கும், உத்தியோகத்தர் நேரில் வந்து பார்ப்பதற்கும், சான்றிதழ் எழுதிக் கொடுப்பதற்கும் உரிய கட்டணங்கள். புதிய வீட்டால் வரும் வடிகால் செலவுக்கோ வீதிச் செலவுக்கோ இவற்றில் பங்கில்லை. மேலைநாடுகளில் அபிவிருத்தித் தாக்கக் கட்டணம் என்று வழங்கும் அறவீடு, அதாவது ஒரு புதிய கட்டிடத்தொகுதி பொது வசதிகள்மீது ஏற்றும் பாரத்தைக் கணக்கிட்டு அதன் பங்கை ஒரே தடவையில் பெற்றுக்கொள்ளும் முறை, பிரதேச சபைச் சட்டத்தில் இல்லை. அதற்கு அண்மையில் வருபவை இரண்டு. ஏலவிற்பனையாளரோ தரகரோ காணியை விற்கும்போது விற்பனைத் தொகையில் 1 சதவீதம் சபைக்குச் சேரும். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் ஒழுங்குவிதிகள் செல்லும் பகுதியில், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டு பிரிப்பவர், வீதிகள் போக எஞ்சியதில் 10 சதவீதத்தைப் பொது வெளியாக ஒதுக்க வேண்டும். இவை தவிர, விருத்தி செய்யப்படாமல் வெறுமனே கிடக்கும் காணிக்கு அதன் மூலதனப் பெறுமதியில் 2 சதவீதத்தை மிகாமல் வரி விதிக்கவும் சட்டம் இடமளிக்கிறது. இந்தக் கடைசி அதிகாரத்தை வன்னியிலும் மன்னாரிலும் எடுத்த எடுப்பில் பயன்படுத்துவது நியாயமல்ல. அங்கு காணி பற்றையாகக் கிடப்பதற்குப் பல இடங்களில் உரிமையாளரின் பேராசையன்று, போரும் இடப்பெயர்வுமே காரணம்.

பெரிய முயற்சிகளை நோக்கித் திரும்பினால் கணக்கு இன்னும் மோசமாகிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் வியாபாரங்களுக்கு விதித்த வரி, முந்தைய ஆண்டின் வருமதியைப் படிகளாகப் பிரித்து, ஆண்டு வருமதி 1,50,000 ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 3,000 ரூபாய் என்ற உச்சத்தை வைத்தது. அன்று அது பெரிய கடைக்காரரை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட எல்லை. ரூபாயின் பெறுமதி சரிந்து சரிந்து இன்று அந்த 1,50,000 ரூபாயைச் சந்தியில் உள்ள தேநீர்க் கடையே எளிதில் தாண்டிவிடுகிறது. ஆகவே தேநீர்க் கடையும், கோடிக்கணக்கில் புரட்டும் நிறுவனமும் ஒரே படியில் நிற்கின்றன. அதே சட்டத்தில் இதற்கு நேர்மாறான ஒரு விதியும் உண்டு. சுற்றுலாச் சபையில் பதிவுபெற்ற ஹோட்டல்களிடமிருந்து, முந்தைய ஆண்டின் வருமதியில் 1 சதவீதம்வரை அனுமதிப்பத்திரக் கட்டணமாக அறவிடலாம். வருமானம் பெருகினால் ஊருக்குச் சேரும் பங்கும் பெருக வேண்டும் என்ற கொள்கையை இலங்கைச் சட்டம் 1987இலேயே ஒரு தொழிலுக்கு ஏற்றுக்கொண்டிருந்தது என்பதை இந்த விவாதத்தில் பலரும் கவனிப்பதில்லை.

சொந்த வருமானம் இப்படி மெலிந்து கிடப்பதால், சபைகள் மேலிருந்து வருவதை நம்பி வாழ்கின்றன. காணி கைமாறும்போது அறவிடப்படும் முத்திரைத் தீர்வையும், நீதிமன்றங்கள் விதிக்கும் தண்டப்பணமும் மாகாண நிர்வாகத்தின் வழியாக அந்தந்தச் சபைக்குத் திரும்பி வர வேண்டியவை. ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதியும் மேலிருந்தே மீளளிக்கப்படுகிறது. வீதி, சந்தை, வடிகால் போன்ற மூலதனச் செலவுகளுக்கு உலக வங்கியின் கடனில் 2010இல் தொடங்கி வடகிழக்கில் எல்லோருக்கும் அறிமுகமான நெல்சிப் திட்டம் போன்றவை கைகொடுத்தன. அவற்றால் நன்மை விளையவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கடனில் கட்டிய வடிகாலைத் துப்புரவாக்கவும், கட்டிய சந்தைக் கட்டிடத்துக்கு வருடாவருடம் பூச்சு அடிக்கவும் வேண்டிய பணத்தைச் சபையே தேட வேண்டும். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபாய் என்று வீடுகள் எழுந்தபோதும் இதே நிலைதான். வீட்டுக்கு நன்கொடையாளர் இருந்தார், வீடுகளுக்கு இடையே ஓடவேண்டிய வாய்க்காலுக்கு நிரந்தரமான வருமானம் யாரும் ஒதுக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் மன்னாரின் காற்று தேசிய விவாதப் பொருளானது. தீவின் தெற்குக் கரையில் 30 காற்றாலைகளோடு, மொத்தம் 103.5 மெகாவாட் திறனில் அமைந்த தம்பபவனி மின்நிலையம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு இலங்கை மின்சார சபையால் கட்டப்பட்டு 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதன்பின் இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னாரில் 250 மெகாவாட்டும் பூநகரியில் 234 மெகாவாட்டும் அமைக்க முன்வந்து, விலை குறித்த நீண்ட சர்ச்சைகளுக்குப் பின் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. தொடர்ந்து உள்நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு 50 மெகாவாட் திட்டம், ஓர் அலகுக்கு 4.65 அமெரிக்கச் சதம் என்ற விலையில் வழங்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் மாதத்தில் தீவின் மக்கள் புதிய காற்றாலைகளுக்கும் இல்மனைட் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராகத் தெருவில் இறங்கினர். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பணிகளை ஒரு மாதம் நிறுத்திவைக்கச் செய்தார். செப்டம்பர் இறுதியில் பொலிஸாரோடு மோதல் ஏற்பட்டு, 29ஆம் திகதி மாவட்டம் முழுவதும் ஹர்த்தால் நடந்தது.

அந்தப் போராட்டத்தில் ஒலித்த முறைப்பாடுகளில் ஒன்று வடிகால் பற்றியது. மன்னார்த் தீவு தட்டையான மணல் நிலம். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசம்பர்வரையான மாரியில் கொட்டித் தீர்க்கும். இயற்கையான தாழ்நிலங்கள் வழியாக அந்த நீர் மெதுவாகக் கடலுக்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு காற்றாலைக்கும் அகன்ற கொங்கிறீற்று அடித்தளமும், ஐம்பது மீற்றருக்கும் மேல் நீளமான இறக்கைகளை ஏற்றிவரும் பாரவண்டி திரும்பக்கூடிய உயர்த்திய பாதையும் வேண்டும். அப்படி உயர்த்திய ஒரு பாதை, மதகு போதாமல், தாழ்நிலத்துக்குக் குறுக்கே படுத்தால் ஒரு பக்கத்து வீடுகளில் நீர் தேங்கும். தங்கள் ஊரில் வெள்ளம் வடிய எடுக்கும் நாட்கள் கூடியதற்கு இதுவே காரணம் என்று குடியிருப்பாளர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது எந்த அளவுக்குச் சரி என்பதை நீரியல் பொறியியலாளர்கள் சுயாதீனமாக அளந்து சொல்ல வேண்டும். ஆனால் காரணம் எதுவாயினும், தேங்கிய நீரை வெட்டிவிட இரவில் ஜேசிபி இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வருபவர்கள் உள்ளூராட்சி மன்றத்தினர். அந்த வாடகை போவது சோலை வரியும் சந்தை வாடகையும் சேர்ந்த அதே சிறிய பையிலிருந்து. பெரிய திட்டம் ஒன்றின் பக்கவிளைவுச் செலவு, அத்திட்டத்தின் கணக்கேட்டிலிருந்து கழன்று வரிசெலுத்துபவரின் கணக்கேட்டில் போய் அமர்வது இப்படித்தான்.

புதிய வளர்ச்சி தன் செலவைத் தானே தாங்க வேண்டும் என்ற வாதம் உலகில் வலுப்பெற்ற விதம் மன்னாருக்குப் பொருத்தமான பாடங்களைத் தருகிறது. கலிபோர்னியா மாநிலத்தில் 1978இல் மக்கள் வாக்கெடுப்பு ஒன்று ஆதன வரியைச் சொத்து மதிப்பின் 1 சதவீதத்துக்குள் அடக்கி, மதிப்பேற்றத்தையும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்குள் பூட்டியது. பழைய குடிகளின் வரி ஏறுவது மட்டுப்படவே, நகர சபைகள் புதிதாகக் கட்டுபவர்கள்மீது தாக்கக் கட்டணங்களை ஏற்றத் தொடங்கின. அவற்றை ஒழுங்குபடுத்த 1987இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. அம்மாநிலத்தின் எல் டொராடோ மாவட்டத்தில் ஒரு சிறிய முன்வார்ப்பு வீட்டைத் தன் காணியில் நிறுத்த விரும்பியவரிடம் வீதிப் போக்குவரத்துக்கென்று 23,420 டொலர் கேட்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 2024 ஏப்ரலில் ஒருமனதான தீர்ப்பு வந்தது. ஒரு கட்டணம் சட்டமன்றம் விதித்தது என்பதாலேயே சோதனைக்கு அப்பாற்பட்டதாகிவிடாது என்றது நீதிமன்றம். அந்தச் சோதனைக்கு இரண்டு பகுதிகள் உண்டு. கட்டணத்துக்கும் கட்டிடத்தால் விளையும் பாரத்துக்கும் மெய்யான தொடர்பு இருக்க வேண்டும். தொகையும் அந்தப் பாரத்தின் அளவுக்கு ஏறத்தாழப் பொருந்த வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பு அந்நாட்டுக்கு உரியது. ஆனால் நியாயமான அறவீட்டை வழிப்பறியிலிருந்து பிரித்தறிய இதைவிடத் தெளிவான அளவுகோல் எந்த நாட்டுக்கும் கிடைப்பது அரிது.

நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் அபிவிருத்திக் கட்டணத்துக்கு இடமளித்தது. பின்னர் 2007இல் செய்த திருத்தத்தால் பெரிய கட்டிடங்கள்மீது உள்கட்டமைப்பு மற்றும் வசதிக் கட்டணமும் சேர்ந்தது. 10,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விடுவது அங்கும் விதி. இலங்கையின் ஒரு ஹெக்டேயர் விதியும் அதுவும் ஒரே அளவு என்பது கவனிக்கத்தக்கது. வேறுபாடு என்னவென்றால், நிலத்துக்கு அடுத்தபடியாகப் பணத்தையும் கேட்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் சட்டத்தில் இருக்கிறது.

இத்தகைய கட்டணங்களுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது, அவை கடைசியில் வீடு வாங்குபவர் தலையிலேயே விடியும் என்பது. இது பாதி உண்மை. கட்டணம் எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால், காணியை வாங்கித் துண்டு பிரிப்பவர் அதைக் கழித்துக்கொண்டே காணிக்கு விலை பேசுவார்; சுமையின் ஒரு பகுதி காணி உரிமையாளரின் இலாபத்திலிருந்து போகும். கட்டணம் நடுவழியில் முளைத்தால் மட்டுமே முழுதும் வாங்குபவர்மேல் சரியும். ஆகவே அளவைவிட முன்னறிவிப்பு முக்கியம். அதைவிட முக்கியம், சொந்தக் காணியில் சொந்தக் குடும்பத்துக்காக ஒரு வீடு கட்டும் மீனவரையும், விற்பதற்கென்றே கட்டுபவரையும் ஒரே தட்டில் வைக்காதிருப்பது. வீடு கட்டும் கட்டணம் கூடினால் மன்னாரில் முதலில் நடப்பது, அனுமதி இல்லாமலே கட்டுவது. இணக்கச் சான்றிதழ் இல்லாத வீடு வங்கிக் கடனுக்கு எளிதில் உதவாது. குறிப்பிட்ட பரப்பளவுக்குள் அடங்கும் முதல் வீட்டுக்குத் தாக்கக் கட்டணமே கூடாது என்று விலக்களித்துவிட்டு, பாரம் பெரிதாக உள்ள இடத்தில் மட்டும் அதை அறவிடுவதே சரியான வழி.

அந்தப் பெரிய பாரத்தை அளப்பதற்கு ஜேர்மனி ஒரு முறையைக் கண்டிருக்கிறது. அங்கு 2021இலிருந்து நடைமுறையில் உள்ள புதுப்பிக்கத்தக்க சக்திச் சட்ட ஏற்பாட்டின்படி, காற்றாலை ஒன்றைச் சுற்றி 2,500 மீற்றர் வட்டத்துக்குள் வரும் உள்ளூராட்சி மன்றங்களுக்கு, உற்பத்தியாகும் ஒவ்வோர் அலகுக்கும் 0.2 யூரோச் சதம்வரை நிறுவனம் வழங்கலாம். சில மாநிலங்கள் தங்கள் சட்டத்தால் இத்தகைய பங்கைக் கட்டாயமாகவே ஆக்கிவிட்டன. இங்கிலாந்தில் 2013 முதல் புதிய புதுப்பிக்கத்தக்க மின்நிலையங்களின் வணிக ஆதன வரி முழுவதும் உள்ளூர் மன்றத்திலேயே தங்குகிறது. ஸ்கொட்லாந்தில் மெகாவாட்டுக்கு ஆண்டுதோறும் 5,000 பவுண் என்ற வழிகாட்டு அளவு உண்டு. அது நிறுவனங்களின் விருப்பத்தைச் சார்ந்தது என்பதால் மன்னாருக்கு அவ்வளவு பொருந்தாது. பாடசாலைக்குக் கணினியும் விளையாட்டுக் கழகத்துக்குச் சீருடையும் கொடுப்பது நல்ல காரியமே. ஆனால் சமூகப் பொறுப்பு நிதி என்ற பெயரில் நிறுவனம் விரும்பியபோது விரும்பியவருக்குக் கொடுப்பதை வைத்து எந்தச் சபையும் வடிகால் திட்டம் போட முடியாது.

ஜேர்மன் முறையை மன்னாருக்கு வைத்துப் பார்ப்பதற்கு ஒரு கணக்கு. 103.5 மெகாவாட் திறனுள்ள ஒரு காற்றாலைத் தொகுதி தன் முழுத்திறனில் 40 சதவீத அளவுக்கு ஆண்டு முழுவதும் இயங்குவதாகக் கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 36 கோடி அலகு மின்சாரம் கிடைக்கும். ஓர் அலகுக்கு 20 இலங்கைச் சதம் வீதம் அறவிட்டால் ஆண்டுக்கு 7 கோடி ரூபாய்க்கு மேல் வரும். டொலர் ஒன்றுக்கு 300 ரூபாய் என்று கொண்டால், 4.65 சதம் என்ற கொள்விலை ஏறக்குறைய 14 ரூபாய். அதில் 20 சதம் ஒன்றரை சதவீதத்தையும் எட்டாது. பதிவுபெற்ற ஹோட்டலிடம் சட்டம் ஏற்கெனவே கேட்கும் 1 சதவீதத்தோடு இதை ஒப்பிட்டால், கேட்பது மிகையல்ல என்பது விளங்கும். வியாபார வரியின் 3,000 ரூபாய் உச்சத்தோடு ஒப்பிட்டால், எதை இழந்துகொண்டிருக்கிறோம் என்பதும் விளங்கும். விலைமனு கோரும்போதே இந்த அறவீடு ஆவணத்தில் எழுதப்பட்டிருந்தால் போட்டியிடும் எல்லா நிறுவனங்களும் அதைச் சேர்த்தே விலை சொல்லும். பின்னால் தகராறு வராது. அந்த ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவான தொகையை நாடு முழுவதும் உள்ள மின்பாவனையாளர்கள் பகிர்ந்துகொள்வார்கள் என்றாலும் அது தவறாகாது. மன்னார்க் காற்றில் எரியும் விளக்கு கொழும்பிலும் காலியிலும் எரிகிறது, அதற்கான பாதையும் மதகும் மட்டும் தீவில் கிடக்கின்றன.

பணத்தால் எல்லாம் தீராது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மன்னாரில் போராடியவர்கள் பங்கு கேட்டுப் போராடவில்லை. தீவுக்குள் இனிக் காற்றாலை வேண்டாம் என்றே கேட்டார்கள். மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகள் இறங்கும் வழி அது. 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் அருகே இருக்கிறது. கரைவலை இழுக்கும் கடற்கரையை இழந்தவருக்குச் சபையின் வருமானம் கூடுவது ஈடாகாது. எங்கே கட்டலாம், எங்கே கூடவே கூடாது என்ற முடிவு முதலில் வர வேண்டும். அறவீடு அதற்குப் பின்னால்தான். கட்டணம் கொடுத்துவிட்டோம், ஆகவே எதையும் கட்டலாம் என்று ஒரு நிறுவனம் சொல்ல இடம் வைத்தால், வரிசெலுத்துபவரைக் காக்க வந்த ஏற்பாடே அவர் வாயை அடைக்கும் கருவியாக மாறிவிடும். இல்மனைட் மணல் விடயத்தில் இந்த ஆபத்து இன்னும் பெரிது, ஏனெனில் அள்ளப்படுவது நிலமே. தாழ்ந்த தீவில் அள்ளிய குழியை எந்தக் கட்டணமும் நிரப்பாது.

சட்டத்தில் இதற்கான கதவு அடைக்கப்பட்டுவிடவில்லை. பிரதேச சபைச் சட்டம் வந்த அதே 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், மாகாண சபைகளின் அதிகாரப் பட்டியலில் காணி, கட்டிடங்கள் மீதான வரியையும், கனிய உரிமைகள் மீதான வரியையும், பாராளுமன்றம் சட்டத்தால் அனுமதிக்கும் எல்லைக்குள், சேர்த்திருக்கிறது. அரச உடைமைமீது வரி விதிப்பதும் அதே நிபந்தனையோடு அங்கே குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆகவே காற்றாலைக்கும் கனிய மணலுக்கும் உள்ளூர் அறவீடு ஒன்றை வகுக்கப் புதிய அரசியலமைப்பு தேவையில்லை. பாராளுமன்றம் எல்லையை வரைந்து கொடுக்க, மாகாண சபை நியதிச் சட்டம் இயற்ற, அறவிட்ட பணம் திறைசேரியின் பொதுக் குட்டையில் கலக்காமல் அந்தந்தச் சபையின் தனிக் கணக்கில் வடிகால், வீதி, குடிநீர் என்ற நோக்கங்களுக்கு மட்டும் செல்ல வழி செய்யலாம். வியாபார வரியின் பழைய உச்சத்தை உயர்த்துவது இதைவிட எளிது. ஒரு திருத்தச் சட்டமூலம் போதும்.

இடையில் குறுக்கிடுவது சபைகளின் வெறுமை. உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவற்றைச் செயலாளர்களும் ஆணையாளர்களும் நடத்தினர். காற்றாலைகள் பற்றிய பெரும் முடிவுகள் எடுக்கப்பட்ட அந்தக் காலத்தில் மன்னாரின் எந்தச் சபையிலும் மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட அமர்ந்திருக்கவில்லை. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை, நியதிச் சட்டம் இயற்றும் அதிகாரம் வெறும் ஏட்டில் இருக்கிறது. இப்போது தெரிவாகியிருக்கும் உள்ளூர் உறுப்பினர்கள் வருட இறுதிக்குள் தங்கள் வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்ற வேண்டும். அதில் மாரிக்கால வெள்ளத்தை வெட்டிவிடும் செலவு, கனரக வாகனத்தால் சிதைந்த வீதியின் செலவு, பெரிய முயற்சிகளிடமிருந்து வந்த வருமானம் ஆகியவற்றைத் தனித்தனித் தலைப்பாக எழுதிக் காட்ட எந்தச் சட்டமும் தடையாக இல்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்தத் தலைப்புகளின் தொகையை எந்தக் குடிமகனும் எழுத்தில் கேட்கலாம். பாராளுமன்றத்தில் திருத்தம் கோரும் வன்னித் தேர்தல் மாவட்ட உறுப்பினர்கள் மேசையில் வைக்க வேண்டிய முதல் ஆவணமும் அதுவே.